வேற்று நாட்டிலிருந்து வந்து பிரிட்டனில் பப் நடத்தும் பெண்களுக்கு: மதுக்கூடத்தை ஊருக்குப் பயன்படும் இடமாக்குவது எப்படி

'பப்ளிக் ஹவுஸ்' என்பதைச் சுருக்கித்தான் 'பப்' என்கிறார்கள். தமிழில் சொன்னால் அது பொதுவீடு. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டனில் 60 ஆயிரத்துக்கு மேல் இருந்த பப்களின் எண்ணிக்கை இன்று 45 ஆயிரம் அளவுக்குக் குறைந்துவிட்டது. ஒரு பப் மூடப்பட்டால் ஊர்க்காரர்கள் பீருக்குத் தவித்துப்போவதில்லை. அது சூப்பர்மார்க்கெட்டில் இன்னும் மலிவாகவே கிடைக்கிறது. அழைப்பில்லாமல், காரணம் சொல்லாமல், மழை நாளில் போய் உட்காரக்கூடிய ஓர் அறைதான் அவர்களுக்கு இல்லாமல் போகிறது. அத்தகைய அறையின் சாவி வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு பெண்ணின் கையில் இருக்கும்போது, அதைக்கொண்டு அவர் தன் வட்டாரத்துக்கு என்ன செய்யலாம், எதை முதலில் செய்யலாம், எந்த இடத்தில் சட்டம் குறுக்கே வரும் என்பவற்றை இங்கே விளக்குகிறேன். சொல்லப்படும் சட்ட விவரங்கள் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் உரியவை. ஸ்காட்லாந்திலும் வட அயர்லாந்திலும் மது உரிமத்துக்குத் தனிச் சட்டங்கள் உண்டு.

நம்மவர்களிடையே இத்தொழிலுக்கு உள்ள பெயரைப் பற்றியும் தொடக்கத்திலேயே பேசிவிட வேண்டும். மளிகைக் கடையின் ஓரத்தில் மதுப் புட்டிகளை அடுக்கி விற்கும் தமிழ்க் குடும்பங்கள் இந்நாட்டில் ஏராளம். அதை யாரும் குறையாகப் பேசுவதில்லை. ஆனால் ஒரு பெண் கவுண்டருக்குப் பின்னால் நின்று பீர் ஊற்றிக் கொடுத்தால், கோயிலில் பார்க்கும் சித்தியும் அத்தையும் பேச்சைச் சுருக்கிக்கொள்வார்கள். அவர்களுக்கு விளக்கம் சொல்லிப் பொழுதைக் கழிக்காதீர்கள். ஒரு நாள் பிற்பகலில் தேநீருக்கு அழைத்து, அந்த அறையில் என்ன நடக்கிறது என்று அவர்களே பார்க்கும்படி விட்டுவிடுங்கள். ஊர் மக்களோ உங்களை 'லேண்ட்லேடி' என்று அழைப்பார்கள். வீட்டு வாடகைக்கும் அந்தச் சொல்லுக்கும் இங்கே தொடர்பில்லை. பப் நடத்தும் பெண்ணுக்கு அது நெடுங்காலமாக வழங்கிவரும் மரியாதைப் பெயர்.

கதவுக்கு வெளியே நிற்பவர்கள்

1950களிலும் 60களிலும் கரீபியத் தீவுகளிலிருந்தும் பஞ்சாபிலிருந்தும் வந்து ஆலைகளில் உழைத்தவர்களுக்குப் பல பப்கள் மது கொடுக்க மறுத்தன. வேறு சில பப்கள், ஓர் அறையை மட்டும் அவர்களுக்கு விட்டுவிட்டு, வசதியான அறையை வெள்ளையருக்கென்று வைத்துக்கொண்டன. 'கலர் பார்' என்று அழைக்கப்பட்ட இந்த நிறத்தடையை மக்களே எதிர்த்து நின்று உடைத்தார்கள். 1953 செப்டம்பரில் மான்செஸ்டரில் குத்துச்சண்டை வீரர் லென் ஜான்சனுக்கு ஒரு பப்பில் மது மறுக்கப்பட்டபோது, அவரும் நண்பர்களும் ஆட்களைத் திரட்டிவந்து போராடியதால் சில நாட்களிலேயே அங்கே தடை நீங்கியது. பர்மிங்காமை ஒட்டிய ஸ்மெதிக்கில் இந்தியத் தொழிலாளர் சங்கத்தின் அவ்தார் சிங் ஜௌஹல் போன்றவர்கள் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு பப் பப்பாக ஏறி இறங்கி, யாருக்கு மறுக்கப்படுகிறது என்பதை ஊரறியச் செய்தார்கள். 1965 பிப்ரவரியில் அமெரிக்கக் கறுப்பின உரிமைத் தலைவர் மால்கம் எக்ஸே அந்த ஊருக்கு நேரில் வந்தார். அதே ஆண்டின் இறுதியில் நடைமுறைக்கு வந்த இன உறவுகள் சட்டம், பப் போன்ற பொது இடங்களில் நிறத்தையும் இனத்தையும் காட்டி ஒருவரை ஒதுக்குவதைத் தடைசெய்தது. பிற்பாடு அப்பகுதிகளில் பஞ்சாபியர்களே பப்களை எடுத்து நடத்த, 'தேசி பப்' என்றொரு வகையே உருவானது.

இந்த வரலாற்றைப் படமாக்கிச் சுவரில் மாட்ட வேண்டியதில்லை, வேலைக்குப் பயன்படுத்துங்கள். பப்பை எடுத்த முதல் மாதத்தில், உள்ளே வருபவர்களைக் கவனிப்பதைப் போலவே, கதவைக் கடந்து போய்விடுகிறவர்களையும் கவனித்துக் குறித்துவையுங்கள். வாசலில் ஒற்றைப் படி இருப்பதால் சக்கர நாற்காலிக்காரர் நின்று திரும்புவார். கண்ணாடி மங்கலாக இருப்பதால் உள்ளே யார் இருக்கிறார்கள் என்று தெரியாமல் தனியே வரும் பெண் நடையை மாற்றிக்கொள்வாள். குடிக்காதவர், தனக்கு அங்கே என்ன இருக்கப்போகிறது என்று போய்விடுவார். புதிய ஊரில் ஒரு கதவுக்கு முன் தயங்கி நிற்பது எப்படியிருக்கும் என்பதை நீங்கள் அறிவீர்கள். தலைமுறை தலைமுறையாக அதே ஊரில் பப் நடத்தியவருக்கு அந்த அனுபவம் வாய்த்திருக்காது. உங்கள் பங்களிப்பின் பெரும்பகுதி இந்த அறிவிலிருந்துதான் வரப்போகிறது. கண்ணாடியைத் தெளிவானதாக மாற்றுவது, படிக்கு ஒரு சாய்தளம் போடுவது, மதுவல்லாத பானங்களையும் அதே பலகையில் அதே எழுத்தளவில் எழுதுவது, தனியே வருபவர் பேச்சில் கலந்துகொள்ளும்படி கவுண்டருக்குப் பக்கத்தில் இரண்டு நாற்காலி போடுவது ஆகியவை எந்த நன்கொடைக்கும் முன்னால் செய்ய வேண்டியவை. பப் உங்களுக்குச் சொந்தமில்லாமல் ஒரு பெரிய நிறுவனத்திடமிருந்து குத்தகைக்கு எடுத்ததாக இருந்தால், கட்டடத்தில் கைவைக்கும் முன் ஒப்பந்தத்தைப் படித்துவிடுங்கள்.

இனத்தைச் சொல்லி உங்களைத் திட்டுகிறவரும் ஒருநாள் வருவார். சிரித்து மழுப்பாதீர்கள், அது உங்களோடு முடிவதில்லை, உங்கள் பணிப்பெண்ணும் அந்த மூலையில் அமர்ந்திருக்கும் மற்றொரு வெளிநாட்டவரும் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். நடத்தை சரியில்லாத எவரையும் வெளியே போகச் சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு. நாள், நேரம், சொன்ன சொற்கள் ஆகியவற்றை நிகழ்வுப் பதிவேட்டில் அன்றே எழுதுங்கள், காவல்துறைக்கும் தெரிவியுங்கள். உங்கள் ஊரில் 'பப்வாட்ச்' குழு இருந்தால் அதில் சேர்ந்துவிடுங்கள். வம்பு செய்பவர்களை எல்லா பப்களும் சேர்ந்து தடைசெய்வதற்கான ஏற்பாடு அது. பப் நடத்தும் மற்றவர்களோடு பழக்கம் ஏற்படுவதற்கும் அதைவிடச் சுருக்கமான வழி கிடையாது.

உரிமமும் அக்கம்பக்கமும்

2003ஆம் ஆண்டின் உரிமச் சட்டம் நான்கு நோக்கங்களை முன்வைக்கிறது: குற்றத்தையும் ஒழுங்கின்மையையும் தடுப்பது, பொதுமக்களின் பாதுகாப்பு, பொதுத் தொல்லையைத் தடுப்பது, குழந்தைகளைத் தீங்கிலிருந்து காப்பது. உரிமம் வழங்கும் உள்ளாட்சி மன்றமான கவுன்சில் உங்களிடம் கேட்கும் ஒவ்வொரு கேள்வியும் இவற்றில் ஒன்றிலிருந்தே பிறக்கும். கட்டடத்துக்கு ஓர் உரிமமும், மது விற்பனைக்குப் பொறுப்பேற்கும் ஆளுக்குத் தனிநபர் உரிமமும் வேண்டும். தனிநபர் உரிமத்துக்கு 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். அதற்கான தகுதித் தேர்வில் தேறியிருக்க வேண்டும். குற்றப் பின்னணிச் சான்றிதழ் வேண்டும். 2017 முதல், இந்நாட்டில் வேலை செய்யும் உரிமை இருப்பதற்கான ஆதாரமும் காட்ட வேண்டும். விண்ணப்பக் கட்டணம் 37 பவுண்டு. விசாவில் வந்தவர்கள் வேலை உரிமைக்கான ஆதாரத்தைத்தான் முதலில் சரிபார்க்க வேண்டும்.

இந்தச் சட்டத்தின்படி, பக்கத்து வீட்டுக்காரர் ஒருவரே உங்கள் உரிமத்தை மறு ஆய்வு செய்யும்படி கவுன்சிலைக் கேட்க முடியும். ஆகவே ஊருக்குச் செய்யும் முதல் சேவை, அடுத்த வீட்டுக்காரரைத் தூங்க விடுவதுதான். காலி புட்டிகளை இரவு பதினொன்றரைக்குத் தொட்டியில் கொட்டாமல் மறுநாள் காலைக்கு வைத்திருங்கள். பின்புறத் தோட்டத்தில் இருப்பவர்களை இரவு ஒன்பதரைக்கோ பத்துக்கோ உள்ளே அழைத்துவிடுங்கள். உங்கள் கைபேசி எண்ணைச் சீட்டில் எழுதி இருபக்க வீடுகளிலும் நேரில் கொடுத்து, கவுன்சிலுக்கு எழுதும் முன் உங்களை அழைக்கும்படி கேட்டுக்கொள்ளுங்கள். அந்த அழைப்பு வந்தால் அன்றிரவே இசையைக் குறையுங்கள். இதைச் செய்யாமல் ஆண்டுக்கு ஒரு முறை பெரிய காசோலையோடு படம் எடுத்துக்கொள்பவர்களை அந்தத் தெரு மன்னிப்பதில்லை.

வெறுமையான நேரத்தைத் திறந்துவிடுங்கள்

பெரும்பாலான பப்களில் வாரநாள் காலையும் பிற்பகலும் நாற்காலிகள் காலியாகவே கிடக்கும். விளக்குக்கும் வெப்பத்துக்கும் எப்படியும் செலவாகிறது. அந்த நேரத்தில் கைக்குழந்தையோடு வரும் தாய்மார்கள், பின்னல் வேலை செய்யும் குழு, ஆங்கிலம் பேசிப் பழக விரும்பும் புதியவர்கள் ஆகியோருக்கு அறையைக் கொடுக்கலாம். தனிமையைப் பொதுப் பிரச்சினையாகவே கருதி 2018இல் ஓர் அமைச்சரிடம் பொறுப்பை ஒப்படைத்த நாடு இது. தனக்கென்று வழக்கமான ஒரு பப் வைத்திருப்பவர்களுக்கு நெருங்கிய நண்பர்களும் மனநிறைவும் கூடுதலாக இருப்பதை ஆக்ஸ்ஃபோர்டு பேராசிரியர் ராபின் டன்பர் 2016இல் எழுதிய ஆய்வறிக்கை எடுத்துக்காட்டியது. அவர் குறிப்பாகச் சொன்னது, எல்லோரும் எல்லோரையும் அறிந்த சிறிய பப்களைப் பற்றி. ஆதலால் இடம் சிறியதே என்று வருந்த வேண்டாம்.

இவற்றில் ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். செவ்வாய்க்கிழமை பத்து மணி என்று வைத்தால் ஓர் ஆண்டு முழுவதும், இரண்டே பேர் வந்தாலும், கதவு பத்து மணிக்குத் திறந்திருக்க வேண்டும். மூன்று வாரம் கூட்டம் இல்லையென்று நான்காம் வாரம் பூட்டிவிட்டால், அன்றைக்கு முதன்முறையாகத் துணிந்து வந்த கிழவர் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பிவிடுவார், மறுபடி வரமாட்டார். ஐந்து திட்டங்களை அறிவித்து மூன்றைக் கைவிடும் உற்சாகத்தைவிட ஒன்றைத் தொடர்ந்து செய்யும் பிடிவாதம் மேலானது. வருபவரிடம் எதையாவது வாங்கும்படி வற்புறுத்தவும் கூடாது. கேட்டவருக்குக் குடிநீர் இலவசமாகத் தருவது உரிமத்தின் கட்டாய நிபந்தனைகளில் ஒன்றுதான்.

மின்பெருக்கி இல்லாத நேரடி இசையைக் காலை 8 மணி முதல் இரவு 11 மணி வரை நடத்த, 2012ஆம் ஆண்டின் சட்டத்துக்குப் பிறகு உரிமச் சட்டத்தின்கீழ்த் தனி அனுமதி தேவைப்படுவதில்லை. பள்ளிப் பிள்ளைகளின் பாட்டுக் குழுவுக்கோ, ஓய்வுபெற்றவர்களின் வாத்தியக் குழுவுக்கோ இது வசதியானது.

நம் வழக்கங்களை ஊரோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறவர்களுக்குத் தை மாதம் கைகொடுக்கும். ஜனவரியில் ஆங்கிலேயர்களில் பலர் மதுவை நிறுத்திவைப்பார்கள். பப்களுக்கு அது மந்தமான மாதம். அதே வேளையில்தான் பொங்கல் வருகிறது. குடிக்காதவர்களும் வருவதற்குக் காரணம் தேடும் நாட்களில் ஒரு பானைப் பொங்கலும் வடையும் நல்ல அழைப்பு. ஆனால் சமையலறையைத் தொடங்குவதற்கு 28 நாட்களுக்கு முன்பே உணவு வணிகமாகக் கவுன்சிலில் பதிவுசெய்துவிட வேண்டும். அதற்குக் கட்டணம் இல்லை. ஒவ்வாமை தரும் 14 பொருள்களில் எது எந்த உணவில் இருக்கிறது என்பதைச் சொல்லவும் தெரிந்திருக்க வேண்டும். நம் சமையலில் இது எளிதன்று: நாம் ஒரு பொருட்டாகவே எண்ணாத தாளிப்புக் கடுகு அந்தப் பட்டியலில் இருக்கிறது, எள் இருக்கிறது, முந்திரியும் நெய்யும் அதில் அடங்கும், கூட்டுப்பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும்.

உண்டியல், குலுக்கல், கணக்கு

பணம் திரட்டும் இடத்தில்தான் நல்ல எண்ணம் கொண்டவர்களும் வழுக்கிவிடுகிறார்கள். கவுண்டரில் உண்டியல் வைப்பதானால், அறக்கட்டளையிடமிருந்தே முத்திரையிட்ட, பதிவு எண் பொறித்த உண்டியலைக் கேட்டு வாங்குங்கள். நீங்களே ஒரு கண்ணாடிச் சாடியில் காகிதம் ஒட்டி வைத்தால், எவ்வளவு சேர்ந்தது என்று கேட்பவர்களுக்குக் காட்ட உங்களிடம் எதுவும் இருக்காது. வெளிநாட்டவர் என்பதால் உங்கள் கணக்கை ஊர் இரண்டு முறை பார்க்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது நியாயமில்லை, ஆனால் அதற்குத் தயாராக இருப்பதே உத்தமம்.

"இந்த வாரம் விற்கும் ஒவ்வொரு பைண்ட் பீருக்கும் 20 பென்ஸ் இன்ன அறக்கட்டளைக்கு" என்று பலகையில் எழுதும் முன் நிறுத்திக்கொள்ளுங்கள். ஓர் அறக்கட்டளையின் பெயரைச் சொல்லி வணிகம் செய்பவர், அதனுடன் எழுத்து மூலம் ஒப்பந்தம் செய்துகொண்டிருக்க வேண்டும், எவ்வளவு போய்ச்சேரும் என்பதை வாங்குபவருக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்பது 1992ஆம் ஆண்டின் அறக்கட்டளைகள் சட்டம் விதிக்கும் கடமை. ஒரு மின்னஞ்சல் அனுப்பினால் பல அறக்கட்டளைகள் ஆயத்தமாக வைத்திருக்கும் படிவத்தை அனுப்பிவிடும். அவ்வளவுதான் வேலை, ஆனாலும் அதைச் செய்பவர்கள் சிலரே.

வினாடி வினா இரவில் குலுக்கல் நடத்தினால், சீட்டுகளை அந்த நிகழ்ச்சி நடக்கும்போது அந்த இடத்திலேயே விற்க வேண்டும். திரண்ட பணத்திலிருந்து பரிசுகளுக்கு 500 பவுண்டுக்கு மேலும், நடத்தும் செலவுக்கு 100 பவுண்டுக்கு மேலும் எடுக்கக் கூடாது. மிச்சம் முழுவதும் நற்காரியத்துக்கே போக வேண்டும். நன்கொடையாக வந்த பரிசுகள் இந்த 500இல் சேரா. இரவு முடிந்ததும் வாடிக்கையாளர் இருவரை அழைத்துப் பணத்தை அவர்கள் எதிரில் எண்ணி, தொகையை எழுதி மூவரும் கையெழுத்திடுங்கள். பணத்தைக் கல்லாப்பெட்டியில் கலக்காமல் தனி உறையில் வைத்து, அறக்கட்டளை தந்த ரசீதைச் சுவரில் ஒட்டுங்கள். கிடைத்தது 43 பவுண்டுதான் என்றாலும் ஒட்டுங்கள்.

விற்பதும் மறுப்பதும்

உங்கள் வாடிக்கையாளர்களில் சிலருக்குக் கேடு செய்யும் பொருளையே நீங்கள் விற்கிறீர்கள். மற்ற எல்லாச் சேவைகளையும் விரிவாகப் பேசிவிட்டு இதை விட்டுவிடும் வழிகாட்டியை நான் நம்பமாட்டேன். ஏற்கெனவே போதையில் இருப்பவருக்கு மது விற்பது 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குற்றம்; ஆனால் சட்டம் சொல்லும் எல்லை மிகக் கடைசியில் வருவது. தினமும் நான்கு மணிக்கு வந்து எட்டு மணிவரை குடித்துவிட்டு நேராக நடந்து போகிறவர் சட்டப்படி யாருக்கும் தொல்லையில்லாதவர். உங்கள் வரவுசெலவில் அவர் முக்கியமானவரும்கூட. அவர் மனைவி இறந்த பிறகுதான் இப்படி ஆனார் என்பது உங்களுக்கு மட்டுமே தெரிந்திருக்கலாம். கூட்டமில்லாத ஒரு பொழுதில், தனியாக, "இப்போதெல்லாம் கொஞ்சம் கூடிவிட்டதோ?" என்று கேளுங்கள், சாப்பாட்டை முன்னால் வையுங்கள், குடும்ப மருத்துவரிடம் போகச் சொல்லுங்கள். அதனால் வருமானம் குறைந்தால் குறையட்டும்.

வயது பார்ப்பதில் 'சேலஞ்ச் 25' முறையைக் கடைப்பிடியுங்கள்: 25 வயதுக்குக் குறைவாகத் தோன்றும் எவரிடமும் அடையாள அட்டை கேட்பது என்று பொது விதி வைத்துவிட்டால், கேட்கப்பட்டவர் தன்னை மட்டும் சந்தேகித்ததாக எண்ணமாட்டார். 2016இல் லிங்கன்ஷயரில் தொடங்கிய 'ஆஸ்க் ஃபார் ஏஞ்சலா' திட்டத்தின் சுவரொட்டியைப் பெண்கள் கழிப்பறைக் கதவின் உட்புறம் ஒட்டுங்கள். உடன் வந்த ஆளிடம் அச்சம் தோன்றினால் கவுண்டரில் ஏஞ்சலாவைக் கேட்டால் போதும், ஊழியர் உதவுவார் என்பது அதன் ஏற்பாடு. சுவரொட்டி இருந்து ஊழியருக்கு விவரம் தெரியாவிட்டால், அது இல்லாமல் இருப்பதைவிட ஆபத்து. வேலைக்குப் புதிதாக வரும் ஒவ்வொருவருக்கும் முதல் நாளே இதைச் சொல்லிக்கொடுத்து, ஒரு முறை நடித்தும் பார்க்கச் செய்யுங்கள்.

வேலை கொடுப்பதைப் பற்றிச் சுருக்கமாக: உறவினர்களை மட்டும் வைத்து நடத்தாதீர்கள். உள்ளூர்ப் பெண் ஒருத்தி கவுண்டரில் நின்றால் அவளுடைய குடும்பமே உங்கள் பக்கம் பேசும். யாரை எடுத்தாலும், நம்மூர்க்காரர் என்றாலும், வேலை செய்யும் உரிமையைச் சேரும் முன்பே சரிபார்த்து நகல் வைத்துக்கொள்ளுங்கள். தவறினால் 2024 முதல், முதல் முறையிலேயே ஓர் ஆளுக்கு 45,000 பவுண்டு வரை அபராதம்.

சுவரில் ஒரு பெட்டி, பட்டியலில் ஒரு பெயர்

வெளிச்சுவரில் இதயத் துடிப்பு மீட்புக் கருவி ஒன்றை மாட்டுவது, ஒரு பப் தன் தெருவுக்குச் செய்யக்கூடிய மிக உறுதியான காரியங்களில் ஒன்று. குலுக்கல் பணத்தை ஓராண்டு இதற்கென்றே சேர்க்கலாம். மாட்டிய பிறகு, பிரிட்டிஷ் ஹார்ட் ஃபவுண்டேஷன் நடத்தும் 'தி சர்க்கியூட்' பதிவில் அதைச் சேர்க்க வேண்டும். பதிவில் இருந்தால்தான் 999ஐ அழைப்பவருக்கு அந்தக் கருவி எங்கே இருக்கிறது என்று ஆம்புலன்ஸ் நிலையத்தில் சொல்ல முடியும். மின்கலத்தையும் ஒட்டுப்பட்டைகளின் காலாவதி நாளையும் பார்க்க ஒருவர் பெயரைக் குறித்துவையுங்கள். கிராமத்துப் பப்களுக்கு இன்னொரு வாய்ப்பும் உண்டு: மூடிப்போன கடையையோ அஞ்சலகத்தையோ நூலக அலமாரியையோ பப்புக்குள்ளேயே கொண்டுவர, 2001இல் அன்றைய இளவரசர் சார்லஸின் முன்முயற்சியில் தொடங்கிய 'பப் இஸ் தி ஹப்' என்ற அமைப்பு ஆலோசனை சொல்கிறது.

உடல்நிலை, பிள்ளைகளின் படிப்பு, கடன் என்று எந்தக் காரணத்தாலோ ஒருநாள் நீங்கள் பப்பை விட்டுப் போக நேரலாம். இங்கிலாந்தில் 2011ஆம் ஆண்டின் சட்டப்படி, உள்ளூர்வாசிகள் 21 பேர் சேர்ந்தாலே பப்பைச் சமுதாயச் சொத்தாகப் பட்டியலிடும்படி கவுன்சிலிடம் கேட்கலாம். பட்டியலில் இருந்தால், விற்பனைக்கு வரும்போது ஊர் மக்கள் பணம் திரட்டி விலை கேட்க அவகாசம் கிடைக்கும். கட்டடம் உங்களுடையதாக இருந்தால் இது உங்கள் விற்பனையைத் தாமதப்படுத்தும் என்பது உண்மை. அதை அறிந்தே முடிவு செய்யுங்கள். யார் எடுத்தாலும், பதிவேட்டையும் குலுக்கல் கணக்கையும் கருவிப் பெட்டியின் பூட்டு எண்ணையும், செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு வருபவர்களின் பெயர்களையும் எழுதி, சாவியோடு சேர்த்துக் கொடுங்கள்.